சகுரா சொல்லாமல் விட்ட பதில்

கார்ட்கேப்டர் சகுரா 70 எபிசோடு ஓடிய ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடர். 1998 ஏப்ரலில் ஜப்பானின் என்.எச்.கே. செயற்கைக்கோள் சேனலில் ஆரம்பித்து 2000 மார்ச்சில் முடிந்தது. சகுரா கினோமோத்தோ என்கிற நாலாம் வகுப்புப் பெண், வீட்டு நிலவறையில் இருக்கும் அப்பாவின் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறாள். அதற்குள் அடைபட்டிருந்த மந்திரக் கார்டுகள் காற்றில் பறந்துவிடுகின்றன. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கிறாள், பிறகு அவற்றைத் தன் சொந்தக் கார்டுகளாக மாற்றுகிறாள், கடைசியில் இருட்டில் மூழ்கிய ஊரையே மீட்கிறாள். அவளோடு போட்டி போடுவதற்காக ஹாங்காங்கிலிருந்து வந்த சியாவோரான் லீ என்கிற சிடுமூஞ்சிப் பையன், போகப் போக அவள் முகத்தைப் பார்த்தாலே சிவந்துபோகிற நிலைக்கு வந்து, ஒருவழியாக "எனக்கு உன்னைப் பிடிக்கும்" என்று சொல்லிவிடுகிறான். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாகிவிடுகிறது. விமான நிலையத்துக்கு ஓடுகிறாள். அவன் கையால் தைத்த கரடி பொம்மை அவளிடம் வந்து சேர்கிறது. தொடர் முடிந்துவிட்டது.

பதில்?

அதற்காகவே ஒரு படம் எடுத்தார்கள். 2000 ஜூலை 15 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் வெளியான "முத்திரையிடப்பட்ட கார்டு". சுமார் 80 நிமிடம். ஊர் அழிகிறது, மனிதர்கள் காணாமல் போகிறார்கள், வானத்தில் கறுப்புக் கோளங்கள் மிதக்கின்றன, எல்லாம் உண்டு. ஆனால் படத்தின் கதை என்னவென்று யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு பெண் ஒரு பையனிடம் பதில் சொல்ல முயற்சி செய்கிறாள். ஊரைக் காப்பாற்றுவது இதைவிடச் சுலபம் என்று இந்தப் படம் உறுதியாக நம்புகிறது. எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.

தொடரும் படமும் யாருடையவை என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூலக்கதை க்ளாம்ப் என்கிற நான்கு பெண்கள் கொண்ட குழுவின் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. கோடன்ஷா நிறுவனத்தின் சிறுமியர் இதழான நகயோஷியில் 1996 முதல் 2000 வரை வந்தது. குழுவின் தலைமைக் கதாசிரியர் நானாசே ஓகாவா. தொடரின் திரைக்கதைக்கும் இந்தப் படத்தின் திரைக்கதைக்கும் அவரே பொறுப்பு. இயக்கம் மொரியோ அசாகா, தயாரிப்பு மேட்ஹவுஸ். மங்காவில் மொத்தம் 19 கார்டுகள்தான். அனிமேயில் 52. வாராவாரம் ஒன்றைப் பிடித்தாக வேண்டுமே, என்ன செய்வார்கள், கார்டுகளைப் பெருக்கினார்கள். கதாபாத்திரங்களையும் பெருக்கினார்கள். அப்படி வந்து சேர்ந்தவள்தான் மெய்லிங். மங்காவில் அவள் இல்லவே இல்லை. அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன், இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் அவள் ஒருத்தி.

ஜப்பானில் மாயச் சிறுமிக் கதைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1966-ல் தோயெய் நிறுவனம் எடுத்த "சூனியக்காரி சாலி"யிலிருந்து கணக்கு வைப்பார்கள். 1992-ல் செய்லர் மூன் வந்து, வண்ண வண்ண உடையில் கூட்டமாகச் சண்டை போடும் வீரர் கதைகளின் முறையை இதற்குள் கொண்டுவந்தது. அப்போதிலிருந்து இந்த வகைக்கு அடையாளமே உருமாற்றக் காட்சிதான்: கோலைச் சுழற்றினால் ரிப்பன் பறக்கும், ஒளி சுற்றும், பள்ளிச் சீருடை போர் உடையாகும். ஒருமுறை வரைந்துவிட்டால் வாராவாரம் அதே துண்டைப் போட்டுக்கொள்ளலாம், தயாரிப்பாளருக்கும் ஒரு நிமிடம் மிச்சம்.

சகுராவுக்கு அந்த வசதி கிடையாது. அவளுக்கு உருமாற்றமே இல்லை. கார்டு பிடிக்கப் போகும்போது அவள் போட்டுக்கொள்ளும் உடையை அவளுடைய தோழி டொமோயோ தைத்துக் கொடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் புது உடை. தொப்பி, இறக்கை, பூனைக்காது, மழைக்கோட்டு. வரைபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று நினைத்துப் பாருங்கள். கதைக்கு அதனால் ஒரு பெரிய லாபம் வந்தது. மற்ற மாயச் சிறுமிகளுக்கு வலிமை வானத்திலிருந்து இறங்குகிறது. இவள் உடம்பில் இருப்பது இன்னொரு பெண் ராத்திரி உட்கார்ந்து தைத்த துணி. தைத்துக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் ஒரு வீடியோ கேமராவோடு புதருக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் படம்பிடிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிற காட்சி அது. சிரிப்பதோடு விட்டுவிட முடியாத காட்சியும் கூட.

சரி, படத்துக்கு வருகிறேன்.

கோடை விடுமுறை. சகுரா இப்போது ஆறாம் வகுப்பு. ஊரில் திருவிழா வருகிறது. அதில் அவள் வகுப்பு ஒரு நாடகம் போடுகிறது. இரண்டு பகை நாடுகள், ஒரு முகமூடி நடனம், ஓர் இளவரசன், ஓர் இளவரசி. இளவரசி சகுரா. இளவரசனாக நடிக்க வேண்டியவன் யமசாகி, வாயைத் திறந்தால் புளுகு மட்டுமே வரும் பையன். இந்த நேரத்தில் சியாவோரானும் மெய்லிங்கும் ஹாங்காங்கிலிருந்து வந்து இறங்குகிறார்கள். யமசாகிக்குக் கையில் அடிபட, இளவரசன் வேடம் யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் பழைய மந்திரவாதி க்ளோ ரீடின் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் பொழுதுபோக்குப் பூங்கா கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அடியில் முத்திரையிட்டு வைத்திருந்த ஒரு கார்டு வெளியே வந்துவிட்டது. பெயர் சூனியம், அதாவது வெறுமை. மற்ற 52 கார்டுகளின் சக்தி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் இருக்க, அவை அத்தனைக்கும் எதிர்எடையாகக் க்ளோ ஒரே ஒரு கார்டைச் செய்து தனியாகப் பூட்டி வைத்திருந்தார். அது ஊரில் ஒவ்வொன்றாக விழுங்க ஆரம்பிக்கிறது. அது தொட்ட இடத்தில் உடைசல் இல்லை, புகை இல்லை. உருண்டையாக வெட்டி எடுத்ததுபோல் வெறும் ஓட்டை. அப்படி ஒன்று மறையும்போதெல்லாம் சகுராவின் கார்டுகளில் ஒன்றும் போய்விடுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் கதை. ஆனால் படத்தின் முதல் பாதி முழுக்கச் சகுராவின் கவலை வேறு. அவன் வந்துவிட்டான், சொல்லிவிட வேண்டும். எப்போது? எப்படி?

அக்கா மகளோடு உட்கார்ந்து ஒரு மழைநாள் மதியம் இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அவளுக்கும் கிட்டத்தட்ட சகுரா வயது. முதல் தடவை சகுரா வாயைத் திறந்து, "நான்... வந்து..." என்று தடுமாறி, குறுக்கே யாரோ வந்து நின்றபோது சிரித்தாள். இரண்டாம் தடவையும் சிரித்தாள். அதற்கப்புறம் பொறுமை போய்விட்டது. "ஏன் சித்தி, ஃபோனில் ஒரு மெசேஜ் போட்டுவிட வேண்டியதுதானே?" என்றாள். போடலாம்தான். ஆனால் அவன் நேருக்கு நேர் நின்று சொன்னான் இல்லையா, இவளும் அப்படித்தானே சொல்ல வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்தக் கேரோவை முதலில் எங்கேயாவது கட்டிப்போடணும்" என்றாள். கேரோ கார்டுகளின் காவல் தெய்வம். நாள் முழுக்கப் பஞ்சுபொம்மை உருவத்தில் தின்றுகொண்டே இருக்கும். அவசரத்துக்கு மட்டும் சிறகு முளைத்த சிங்கமாகும்.

இந்தக் குறுக்கீடுகளைத்தான் படத்தின் பலவீனம் என்று பலர் சொல்வார்கள். இழுக்கிறார்கள், நேரம் கடத்துகிறார்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சகுரா தைரியசாலி என்பதை 70 எபிசோடில் பார்த்துவிட்டோம். பேயைக் கண்டால் நடுங்குவாள், ஆனால் நடுங்கிக்கொண்டே போய் நிற்பாள். "கண்டிப்பா எல்லாம் சரியாப் போகும்" என்பது அவள் வாயில் எப்போதும் வரும் வாக்கியம். தொடரில் இதை யாராலும் வெல்ல முடியாத மந்திரம் என்றே சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த ஒரு பதிலுக்கு மட்டும் அந்த மந்திரம் உதவவில்லை. குறுக்கே வருகிறவர்கள் வராவிட்டாலும் அவள் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான். ஒவ்வொரு குறுக்கீட்டுக்குப் பிறகும் அவள் முகத்தைக் கவனியுங்கள். ஏமாற்றம் இருக்கும், கூடவே அரை நொடி நிம்மதியும் ஓடி மறையும். அசாகா அதை அழுத்தாமல் விட்டுவிடுகிறார், பார்த்தவர் பார்க்கலாம்.

இந்த இயக்குநர் பிற்பாடு எடுத்தவற்றைப் பார்த்தாலே அவருக்கு இதில் எவ்வளவு ருசி என்று தெரியும். 2006-ல் நானா, 2011-ல் சிஹாயாஃபுரு, 2015-ல் ஓரே மோனோகாதாரி. மூன்றிலும் மனிதர்கள் நெஞ்சு நிறைய எதையோ வைத்துக்கொண்டு வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். சண்டைக் காட்சியைவிட ஒருவர் சொல்ல வாயெடுத்து நிறுத்தும் கணத்துக்கு அவர் கூடுதல் நேரம் கொடுப்பார்.

சகுரா தொடரை வைத்து இதற்கு முன் வந்த படமும் அவருடையதுதான். 1999 ஆகஸ்டில் வெளியானது, ஹாங்காங்கில் நடக்கும் கதை. அதில் தண்ணீருக்குள் ஒரு மந்திரக்காரி சிறைபட்டிருக்கிறாள். க்ளோ ரீடிடம் சொல்ல அவளுக்கு ஏதோ இருந்திருக்கிறது. கோபம் மாதிரி வெளியே தெரிகிறது, உள்ளே வேறு. ஆனால் க்ளோ எப்போதோ செத்துப்போய்விட்டார், அது அவளுக்குத் தெரியாது. கேட்க வேண்டியவர் போன பிறகு பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சகுராவால் முடிந்தது, பக்கத்தில் நின்று அவள் பேசுவதைக் கேட்டுக்கொள்வது மட்டும்தான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டாவதில் சகுரா ஏன் அப்படிப் பதறுகிறாள் என்பது இன்னும் நன்றாகப் புரியும். காலம் கடந்து போனவளை அவள் நேரில் பார்த்திருக்கிறாள்.

படம் பாதியைத் தாண்டியதும் விலை தெரியவருகிறது. க்ளோவின் மறுபிறவியான எரியோல் இங்கிலாந்திலிருந்து தொலைபேசியில் சொல்கிறான். சூனியக் கார்டை முத்திரையிட வேண்டுமானால், அங்கே இருப்பவர்களில் மந்திரசக்தி அதிகமாக உள்ளவர் தன் மனதில் மிக முக்கியமான உணர்வை இழக்க வேண்டும். உயிரை இல்லை, சக்தியையும் இல்லை. உணர்வை.

இந்த இடத்தில்தான் இந்தப் படம் மற்ற மாயச் சிறுமிக் கதைகளிலிருந்து விலகி நிற்கிறது. இந்த வகையில் தியாகம் புதிதே இல்லை. சிறுமிகள் உலகத்துக்காக உயிரைக் கொடுப்பார்கள், பிறகு ஏதோ அற்புதத்தால் பிழைத்தும் வருவார்கள். 2011-ல் மடோகா மாகிகா வந்து, மந்திர ஒப்பந்தத்தின் விலை என்ன என்பதையே கதையின் மையமாக்கி எல்லோரையும் உலுக்கியது. அந்தத் தொடரை நான் குறைத்துப் பேசவில்லை, அது வேறு உயரம். ஆனால் அதற்கு 11 வருடம் முன்பே, சிறு பெண்கள் பாப்கார்னோடு பார்க்கிற ஒரு விடுமுறைப் படம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது. நீ பிழைத்திருப்பாய். அவனும் பிழைத்திருப்பான். தினமும் பார்த்துக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம். அவனைப் பார்த்தால் உனக்குள் எதுவும் நடக்காது, அவ்வளவுதான். ஊருக்காக இதைக் கொடுப்பாயா? அதுவும் இன்னும் அவனிடம் சொல்லாத நிலையில்?

செத்துப்போவது ஒரு குழந்தைக்குச் சரியாகப் பிடிபடாது. பிடித்தது பிடிக்காமல் போவது பிடிபடும். போன வருடத்து உயிர்த்தோழி இந்த வருடம் வெறும் வகுப்புத்தோழியாகிப்போவதை எல்லாக் குழந்தையும் பார்த்திருக்கும். ஓகாவா எழுதியதில் இது ரொம்பக் கூர்மையான இடம்.

சகுரா அழுகிறாள். அழுதுவிட்டுப் போவதென்றே முடிவெடுக்கிறாள்.

இப்போது டொமோயோவும் மெய்லிங்கும். சியாவோரான் விடுமுறைக்கு வந்தது தற்செயல் இல்லை. இந்த இரண்டு பெண்களும் பேசி வைத்து, திட்டம் போட்டு வரவழைத்தது. படம் இதைப் போகிற போக்கில்தான் சொல்கிறது. ஆனால் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தகவல் சாதாரணமாக இறங்காது. ஏனென்றால் மெய்லிங் சியாவோரானின் முறைப்பெண் மாதிரி. சின்ன வயதிலேயே அவனிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தாள்: வேறு யாரையாவது உனக்குப் பிடிக்கிற வரை நான்தான் உனக்கு. 60ஆம் எபிசோடில் அவன் மனது எங்கே இருக்கிறது என்பதை அவள் கண்டுபிடிக்கிறாள். அவனிடம் சிரித்துக்கொண்டே அந்த வாக்கை விட்டுக்கொடுக்கிறாள். அன்று இரவு டொமோயோ வீட்டுக்குப் போய் அவள் மடியில் முகம் புதைத்து அழுகிறாள். டொமோயோ ஆறுதல் வார்த்தை எதுவும் தேடவில்லை. அழவிட்டு, தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்குத்தான் தெரியுமே. டொமோயோவுக்குச் சகுரா என்றால் என்னவென்பது தொடரில் ஒளிவுமறைவே இல்லை. ஒருமுறை நேராகவே "எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்" என்கிறாள். சகுரா "எனக்கும் உன்னைப் பிடிக்கும்" என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறாள். நான் சொல்வது அந்த அர்த்தத்தில் இல்லை, நீ இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் விளக்குகிறேன் என்று டொமோயோ சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறாள். பிறகு விளக்கவே இல்லை. தனக்குப் பிடித்தவர் சந்தோஷமாக இருந்தால் தனக்கு அது போதும் என்பது அவள் கட்சி. இதை ரொம்ப உயர்ந்த மனது என்று கொண்டாடுகிற ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் முழு நம்பிக்கை இல்லை. பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத பெண் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லும்போது, தனக்குத்தானே எத்தனை ராத்திரி சொல்லிப் பார்த்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

ஆக, சகுரா ஒரு பதிலைச் சொல்வதற்காக இத்தனை பாடுபடும் படத்தில், அந்தச் சந்தர்ப்பத்தையே ஏற்படுத்திக் கொடுப்பவர்கள், தாங்கள் விரும்பிய பதில் கிடைக்காத இரண்டு பேர். ஒருத்தி அந்தப் பையனை விட்டுக்கொடுத்தவள், இன்னொருத்தி அந்தப் பெண்ணை. இருவரும் திட்டம் போட்டுக்கொண்டு, கள்ளச் சிரிப்போடு இந்த ஜோடியைத் தனியே விட்டுவிட்டு நழுவுகிறார்கள். படம் அதை நகைச்சுவையாகவே காட்டுகிறது. ஒரு கண்ணீர்ச் சொட்டு கிடையாது, சோக இசை கிடையாது. எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைப்பது அங்கேதான்.

டொமோயோவுக்குக் குரல் கொடுத்தவர் ஜுன்கோ இவாவோ. இதே மேட்ஹவுஸ் 1997-ல் எடுத்த பெர்ஃபெக்ட் ப்ளூவில், தன் நிழலைக் கண்டு தானே அஞ்சும் பாடகி மீமாவுக்கும் அவர்தான் குரல். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டொமோயோவின் இனிமையான குரலைக் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் சில்லென்று இருக்கும்.

நான் சகுராவை முதன்முதலில் பார்த்தது டி.வி.யில், அமெரிக்கர்கள் வெட்டிய ஆங்கில வடிவத்தில். அந்த வடிவத்தை 2000-த்தில் அமெரிக்காவில் ஒளிபரப்பியபோது 70 எபிசோடை 39 ஆக்கிவிட்டார்கள். பையன்களும் பார்க்க வேண்டுமென்று, சியாவோரான் அறிமுகமாகும் எட்டாவது எபிசோடிலிருந்து ஆரம்பித்தார்கள். சகுராவின் அண்ணன் தோயாவுக்கும் அவன் நண்பன் யுகிதோவுக்கும் இடையில் இருக்கும் நெருக்கம், டொமோயோவின் மனது, எல்லாம் கத்திரிக்கு இரை. மிஞ்சியது கார்டு பிடிக்கிற சாகசம். அது தப்பான சாகசம் என்று சொல்ல மாட்டேன், விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் படத்துக்கு வந்தால், எதற்கு இந்தப் பெண் இப்படித் தவிக்கிறாள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

உச்சக்காட்சி. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே சூனியம் அரங்குக்குள் வந்துவிடுகிறது. பார்வையாளர்கள், நண்பர்கள், ஊர்க்காரர்கள், ஒருவர் மிச்சமில்லாமல் மறைகிறார்கள். இளவரசி உடையோடே சகுரா பூங்காவின் மணிக்கூண்டுக்கு ஓடுகிறாள். டொமோயோ போயாகிவிட்டது. மெய்லிங் போயாகிவிட்டது. கேரோவும் இன்னொரு காவலரான யுவேயும் அவளை முன்னே அனுப்பிவிட்டு மறைகிறார்கள். ஒவ்வொருவராகக் குறையக் குறையப் படத்தில் சத்தமும் குறைகிறது.

சூனியக் கார்டின் உருவம் நீளமான கூந்தல் கொண்ட ஒரு சிறுமி. இருட்டில் எத்தனையோ காலம் தனியாகக் கிடந்தவள். மற்ற கார்டுகள் எல்லாம் ஒன்றாக இருக்க, தன்னை மட்டும் ஏன் பூட்டி வைத்தார்கள் என்பது அவள் ஆத்திரம். அவள் கார்டுகளைத் திருடியது ஊரை அழிக்க இல்லை, கூட இருக்க ஆள் தேடி. சகுரா அவளைத் தோற்கடிக்கவில்லை. இனிமேல் நீ தனியாக இருக்க வேண்டாம், எல்லோரோடும் சேர்ந்திரு என்கிறாள். அவ்வளவுதான் சண்டை.

முத்திரை விழுகிறது. ஆனால் விலை மிச்சமிருக்கிறது. கடைசியாக ஒரு கறுப்புக் கோளம். சகுராவின் சக்தி தீர்ந்துபோயிருக்க, அது சியாவோரான் பக்கம் திரும்புகிறது. அவன் விலகவில்லை. இந்த உணர்வு போனாலும் நான் மறுபடியும் உன்னை விரும்புவேன் என்று சொல்லிவிட்டு அதற்குள் மறைகிறான்.

கோளம் கலைகிறது. இடிந்த படிக்கட்டின் அந்தப் பக்கம் அவன் நிற்கிறான், இந்தப் பக்கம் அவள். நடுவில் பள்ளம். அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எல்லாம் போய்விட்டது என்று அவள் நினைக்கிறாள். நினைத்த பிறகுதான் சொல்கிறாள். இவ்வளவு நேரம் யாராவது குறுக்கே வந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஊரிலேயே ஆள் இல்லை. அவனிடமிருந்து எந்தப் பதிலும் வராது என்று தெரிந்த பிறகு, உனக்கு நான் ஒன்றுமில்லாமல் போனாலும் எனக்கு உன்னைத்தான் பிடிக்கும் என்று அழுதுகொண்டே சொல்கிறாள்.

அவன், "எனக்கும்தான்" என்கிறான்.

தொடரின் கடைசியில் அவளே அறியாமல் உண்டான பெயரில்லாத ஒரு கார்டு இருந்தது. அவன் போகிறான் என்று அழுதபோது பிறந்தது. அது சூனியக் கார்டோடு கலந்து புதிதாக ஒன்றாகிவிட்டது. பெயர் நம்பிக்கை. அதனால் விலை வசூலாகவில்லை. ஏமாற்று வேலை என்று சொல்லலாம், எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அவள் பேசியபோது அது அவளுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. அது போதும் எனக்கு. படிகள் திரும்பி வரும்வரை இரு என்று அவன் கத்துகிறான். அவள் காத்திருக்கிற ஆளா, பள்ளத்தைத் தாண்டி ஒரே பாய்ச்சல். பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. முத்தம் இல்லை, பின்கதை இல்லை, ஊர் திரும்பி வந்து கைதட்டுவது இல்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது. சகுராவின் பல் துலக்குகிற நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படம்பிடித்து வைத்திருக்கும் டொமோயோ இந்தக் காட்சியில் இல்லை. அவள் திட்டம் போட்டு, உடை தைத்து, நாள் பார்த்து உண்டாக்கிய கணம். கேமராவும் இல்லை, அவளும் இல்லை. இது வேண்டுமென்றே செய்ததா என்று தெரியாது. எனக்கு அது சரியாகவே பட்டது. அந்த ஒன்றையாவது அவள் பார்க்காமல் இருக்கட்டும்.

குறைகளும் உண்டு. பூங்காவுக்குள் நடக்கும் ஓட்டம் துரத்தலில் ஐந்து நிமிடத்தைக் கழித்திருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. சூனியச் சிறுமியின் தனிமை இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அவளைக் கடைசிவரை வெறும் அச்சுறுத்தலாக வைத்திருந்தது தவறு. நடுவில் அவளுக்கென்று ஒரே ஒரு அமைதியான காட்சி வைத்திருக்கலாம். தொடரில் அழகாக வளர்ந்த தோயா, யுகிதோ கதைக்கு இங்கே இடமே இல்லை, வந்து நிற்கிறார்கள், போகிறார்கள். யுவேக்கும் யுகிதோவுக்கும் குரல் தந்த மெகுமி ஒகாத்தாவை இவ்வளவு சும்மா உட்கார வைத்தது அநியாயம்.

இதையெல்லாம்விடப் பெரிய அநியாயம் படத்துக்கு வெளியே நடந்தது. மங்காவில் அவன் ஊருக்குக் கிளம்பும்போதே சகுரா அவனிடம் பதில் சொல்லிவிடுகிறாள். சூனியக் கார்டு, நம்பிக்கைக் கார்டு இரண்டுமே அங்கே கிடையாது. 2016-ல் க்ளாம்ப் க்ளியர் கார்டு என்ற பெயரில் கதையைத் தொடர்ந்தபோது, இயல்பாகவே மங்காவின் முடிவிலிருந்து தொடர்ந்தார்கள். 2018-ல் அது அனிமேயாக வந்தது, அதே மேட்ஹவுஸ், அதே அசாகா. அதற்கு முன்னோட்டமாக 2017-ல் ஒரு குறும்படம் எடுத்து, இரண்டு கரடி பொம்மைகளோடு மங்காவின் அந்தப் பிரிவுக் காட்சியைக் காட்டிவிட்டார்கள். அதாவது தான் எடுத்த படத்தின் மேல் இயக்குநரே மெதுவாக ஒரு துணியைப் போர்த்திவிட்டார். கணக்குப்படி மணிக்கூண்டில் யாரும் எதையும் சொல்லவில்லை, யாரும் தாண்டவில்லை. மங்காவில் மெய்லிங்கும் இல்லை என்பதால், டொமோயோ மடியில் அழுத அந்த ராத்திரிக்கும் மங்காவின் கணக்கில் இடமில்லை.

மங்காவின் காட்சி அழகானதுதான். ஆனால் அங்கே சகுரா சட்டென்று வந்து, சட்டென்று சொல்லிவிடுகிறாள். இங்கே ஒரு படம் முழுக்கத் திணறி, ஊர் காலியாகி, எதிராளியின் மனதே காலியாகிவிட்டது என்று நினைத்த பிறகு சொல்கிறாள். எது அதிகாரபூர்வம் என்பதைக் கோடன்ஷா வைத்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால் அவள் பதில் சொன்னது மணிக்கூண்டில்தான்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முழுத் தொடருக்கும் நேரம் இல்லையென்றால் 60, 69, 70 ஆகிய மூன்று எபிசோடுகளையாவது பார்த்துவிட்டு வாருங்கள். 60 இல்லாமல் மெய்லிங் வெறும் வாயாடி, அவள் வெறும் வாயாடி என்றால் படத்தில் பாதி போச்சு. திரையரங்கில் இதோடு சேர்த்துக் கேரோவின் குறும்படம் ஒன்றையும் போட்டார்கள், அதைப் படத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு தகோயாகி உருண்டைக்காகக் கேரோவும் எரியோலின் காவல் மிருகமான ஸ்பினெல்லும் ஊர் முழுக்க உருண்டு புரண்டு துரத்திக்கொள்கிற கதை. அக்கா மகளுக்குப் படத்தைவிட அதுதான் பிடித்தது. உருண்டைக்குள் ஆக்டோபஸ் துண்டு இருக்கும் என்று சொன்ன பிறகும் அவள் கேரோ கட்சியை விட்டு மாறவில்லை.